4,000 ரூபாய், 11 நாள், 2 கிடார்: வடபழனி மாடி சர்வீஸ் எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போன இந்த கிடார் சர்வீஸ் கடையின் பெயர் இதில் வராது. பெயர்ப்பலகையே கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, "நம்பரையெல்லாம் எங்கேயும் போட்டுடாதீங்க தம்பி, இருக்கற வேலையையே முடிக்க முடியல" என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து, கீழே தையல் கடை, பக்கவாட்டில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு, மேலே பத்துக்குப் பத்து அறை. வடபழனிப் பக்கம் கிடார் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் "மாடிக்காரரா?" என்று வழி சொல்லிவிடுவார்கள். அவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

நான் கொண்டுபோனது இரண்டு கிடார். ஒன்று ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக், 2009 ஜனவரியில் வாங்கியது. ஏன் 2009 என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய நவம்பரில்தான் சூர்யா ரயிலில் கிடாரைத் தூக்கிக்கொண்டு 'நெஞ்சுக்குள் பெய்திடும்' பாடினார், அதன் பிறகு சென்னையில் காதலிக்க ஆள் இருந்தவனும் இல்லாதவனும் ஒரு கிடார் வாங்கினான். நான் இரண்டாவது வகை. இன்னொன்று எலெக்ட்ரிக், ஐந்து வருடத்துக்கு முன் தெரிந்தவர் ஒருவர் ஊர் மாறும்போது சல்லிசாகத் தள்ளிவிட்டது.

வீடு திருவான்மியூரில், கடலுக்கு நடந்து போகிற தூரம். ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கிற காற்றில் கிடார் கம்பி எம்மாத்திரம்? அதுகூடப் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். மரம்தான் பிரச்சினை. கிடாருக்கு ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். நம் ஊரில் பல மாதங்கள் அது 70-ஐத் தாண்டித்தான் நிற்கும். மேல் பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் அதோடு சேர்ந்து மேலே எழும்பும், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும். அப்புறம் இரவு ஏசி போட்ட அறையில் வைத்தால் அதே மரம் காய்ந்து சுருங்கி, ஃப்ரெட்டின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு விரலைக் கீறும். என் கிடாருக்கு இரண்டு வியாதியும் இருந்தது.

இதற்கு முன் ஒரு கடையில் கொடுத்திருந்தேன், பெரிய கடை, எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. 700 ரூபாய் வாங்கிக்கொண்டு, கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களை ஆழமாக அராவி, விரல் வைக்காத திறந்த கம்பியை மீட்டினால் ஜிர்ர் என்று இரையும்படி செய்து, அதை மறைக்க இரண்டு கம்பிக்கு அடியில் விசிட்டிங் கார்டைக் கத்தரித்துச் சொருகிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கார்டில் அந்தக் கடையின் பெயரே பாதி தெரிந்தது என்பதுதான் ஹைலைட்.

மாடிக்காரருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பெரம்பூர் ஆள். சின்ன வயதில் ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸ்களிலும் கல்யாண ரிசப்ஷன்களிலும் கிடார் வாசித்தவர், பிறகு வடபழனிக்கு வந்து வாத்தியங்களைப் பழுது பார்க்க ஆரம்பித்தவர். கிடாரைக் கையில் வாங்கியதும் கம்பியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "எதாவது வாசிங்க, கேக்கறேன்" என்றார். எனக்கு வேறென்ன வரும்? 'நெஞ்சுக்குள் பெய்திடும்' ஆரம்பத்தை வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். ரசிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். முடித்ததும், "பி கம்பி மூணாவது ஃப்ரெட்ல ஸ்ருதி மேல போவுது. அதுக்கு நீங்க விரலைக் கொஞ்சம் தளர்த்தி வாசிக்கப் பழகிட்டீங்க. எத்தனை வருஷமா இப்படி வாசிக்கறீங்க?" என்றார். பதினைந்து வருடம். கிடாரின் கோளாறுக்கு என் கை வளைந்து கொடுத்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

அப்புறம் இரும்பு ஸ்கேலை வைத்து 12-ஆவது ஃப்ரெட்டில் அளந்தார். 4 மில்லிமீட்டர் சொச்சம். இந்த உயரத்தைத்தான் ஆக்ஷன் என்கிறார்கள், தடித்த கம்பிக்கு இரண்டரைக்குள் இருந்தால் போதுமாம். உயரம் கூடினால் விரல் வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைவிட மோசமானது, கம்பியை அவ்வளவு தூரம் கீழே அழுத்தும்போது அது இழுபட்டு ஸ்ருதி ஏறிவிடுகிறது. ஆக, திறந்த கம்பிகளுக்கு எவ்வளவு துல்லியமாக ஸ்ருதி சேர்த்தாலும், பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு (chord) பிடித்த மறு நொடி சேராது. ட்யூனர் ஆப்பில் எல்லாம் பச்சையாகத்தான் காட்டும், காதுக்கு மட்டும் ஏதோ உறுத்தும். இந்த உறுத்தலைத்தான் நான் இத்தனை வருடம் "எனக்கு வாசிப்பு வரவில்லை" என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் செய்த வேலைகளை வரிசையாக எழுதினால் போரடிக்கும், சுருக்கமாக முடிக்கிறேன். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைக் கால் திருப்பு திருப்பி ஒரு நாள் அப்படியே விட்டு மறுநாள் பார்த்தார், அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகினால் கழுத்து போய்விடுமாம். பிளாஸ்டிக் நட்டையும், பிரிட்ஜ் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலையும் கழற்றிவிட்டு எலும்பில் தேய்த்துப் புதிதாகப் போட்டார். முதல் மூன்று ஃப்ரெட்டில் பி கம்பிக்கு அடியில் விழுந்திருந்த பள்ளங்களைச் சமப்படுத்தி மெருகேற்றினார். கழுத்தின் வளைவு சரிதானா என்று பார்க்கும்போது ஒரு காரியம் செய்தார். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-லும் அழுத்திக்கொண்டு, நடுவில் 7-ஆவது ஃப்ரெட்டில் என் பழைய கடையின் விசிட்டிங் கார்டை நுழைத்து, "இதோ, கரெக்டா போவுதா? கார்டு இதுக்குத்தான்" என்று சிரித்தார்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. வேலை முடிந்ததும் அவர் கிடாரைச் சோதிக்கிற விதத்துக்காக.

பொதுவாகக் கடைகளில் சர்வீஸ் முடிந்ததும் நாலு கார்டு அடித்துக் காட்டுவார்கள், கொஞ்சம் தெரிந்த பையனாக இருந்தால் ஏதாவது வேகமாக ஓட்டிக் காட்டி நம்மை மிரட்டுவான். இவர் அப்படி இல்லை. கழுத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிட் வைத்திருக்கிறார். எல்லாம் ஏதாவது ஒரு பாட்டின் நடுவிலிருந்து பிய்த்த எட்டுப் பத்து வினாடிகள். எல்லாமே பலரும் ஆயிரம் தடவை கேட்டது, ஆனால் யார் வாசித்தது என்று யாரும் கண்டுகொள்ளாதது.

தடித்த கம்பிகளுக்கு அவர் வாசிப்பது கிளென் கேம்பல் 1968-ல் பாடிய 'விச்சிட்டா லைன்மேன்' பாட்டின் நடுவில் வருகிற சோலோ. எனக்கு அந்தப் பாட்டே அன்றுதான் அறிமுகம். சோலோ என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு எளிமை, பாடகர் பாடிய மெட்டையே கனத்த குரலில் ஒரு தடவை திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். "வேகமா வாசிச்சா இரைச்சல் மறைஞ்சிடும் தம்பி. மெதுவா, நீளமா ஒரு நோட்டை விட்டுப் பாருங்க, எங்க ஜிர்ருங்குதுன்னு உடனே தெரியும்" என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். பாடகராகத்தான் உலகத்துக்கு அவரைத் தெரியும், ஆனால் கிளென் கேம்பல் அதற்கு முன் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் பிறர் பாட்டுக்குக் கூலிக்கு வாசித்த கிடார்க்காரர். பாட்டை எழுதிய ஜிம்மி வெப் அதை முடிக்காமலேயே கொடுத்துவிட, மூன்றாவது சரணம் இருக்க வேண்டிய இடத்தை நிரப்பத்தான் அந்தச் சோலோ. வாசித்தது ஆறு கம்பி பேஸ் கிடாரில், அதுவும் கேரல் கே என்ற பேஸ் வாசிப்பாளரிடம் அந்த நேரத்துக்கு இரவல் வாங்கியது. இரவல் வாத்தியம், எழுதப்படாத சரணம், அதிலிருந்து இப்படி ஒன்று.

அடுத்து, ஆறு கம்பியும் ஒரே அளவு சத்தம் தருகிறதா என்று பார்க்க 'இளைய நிலா' பிளக்கிங். இதை எப்படி "யாரும் கண்டுகொள்ளாதது" என்று சொல்வது என்று நீங்கள் கேட்கலாம், நானும் அவரிடம் கேட்டேன். தமிழ்நாட்டில் கிடார் என்றாலே அந்தப் பாட்டுதானே! அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "சரி, வாசிச்சது யாரு?" என்றார். வெட்கத்தோடு சொல்கிறேன், வாயில் பதில் வரவில்லை. படத்தில் கிடாரோடு நின்ற மோகன் ஞாபகத்துக்கு வந்தார், எஸ்.பி.பி. வந்தார், ராஜா வந்தார், வைரமுத்துவும் வந்தார். வாசித்தவர் வரவில்லை. அவர் பெயர் ஆர். சந்திரசேகர். ராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர். 1982-ல் வந்த பாட்டு, அடுத்த வருடமே இந்திக்குப் போய் கிஷோர் குமார் குரலில் 'நீலே நீலே அம்பர் பர்' ஆகி அங்கேயும் ஓடியது. இத்தனை கோடிப் பேர் முணுமுணுத்த விரல்களுக்குச் சொந்தக்காரரின் பெயரை, கிடார் வைத்திருக்கிற நானே நாற்பது வயதில் ஒரு மாடி அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு விதத்தில் என் தப்பு மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்த கேசட் அட்டைகளில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர், அவ்வளவுதான் இருக்கும். வாசித்தவர் பெயரை அச்சிடும் வழக்கம் ரஹ்மான் வந்த பிறகுதான் இங்கே பரவியது. அதனால் ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸின் பேஸ் என்றால் எனக்குத் தெரியும், ராஜாவுக்கு அத்தனை வருடம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரை மிகத் தாமதமாகத்தான் கேள்விப்பட்டேன். இந்தியிலும் இதே கதைதான், 'தம் மாரோ தம்' ஆரம்ப கிடாரை வாசித்த பூபிந்தர் சிங்கை ஊருக்கெல்லாம் கஜல் பாடகராகத்தான் தெரியும்.

மாடிக்காரர் அந்தக் காலத்து ரெக்கார்டிங் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். (இது ஒரு எச்சரிக்கையும்கூட, அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு போங்கள்.) சிங்கிள் சிங்கிளாக வாசித்துப் பிறகு ஒட்டுகிற சமாசாரம் அப்போது இல்லை. வயலின்காரர்களிலிருந்து தபலா வரை எல்லோரும் ஒரே கூடத்தில், எதிரே எழுதி வைத்த நோட்ஸ், கண்டக்டர் கை அசைத்தால் பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை ஒரே மூச்சு. யாராவது ஒருவர் ஒரு இடத்தில் தடுக்கினால் மொத்தக் கூட்டமும் மறுபடி முதலிலிருந்து. ஒரு கால்ஷீட்டுக்குள் முடிக்க வேண்டும். இதில் கிடார்க்காரருக்குக் கிடைப்பது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே எட்டு பார் (bar, தாளச் சுற்று), அதிகம் போனால் பதினாறு. அந்த எட்டு பாருக்குள் அவர் ஒரு முழு விஷயத்தைச் சொல்லி, சரியான ஸ்வரத்தில் பாடகரிடம் கொண்டுவந்து ஒப்படைக்கவும் வேண்டும். "மேடையில ரெண்டு நிமிஷம் லீட் வாசிக்கறவன் தப்பு பண்ணா அதையே ஸ்டைலு ஆக்கிடுவான். இங்க தப்பு பண்ணா வயலின்காரங்க நாப்பது பேரும் திரும்பிப் பார்ப்பாங்க" என்றார். அதனால்தான் ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் ராத்திரியே கிடார்கள் அவரிடம் வந்துவிடுமாம்.

எனக்கு இங்கேதான் விஷயம் பிடிபட்டது. வேகத்தை மறைவாக வைத்து ஓடிவிடலாம். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டி வைத்தால் லேசாக ஸ்ருதி விலகியது ஒரு காரமாகக்கூட மாறிவிடும். ஆனால் பின்னால் வயலின்களும் புல்லாங்குழலும் சுத்தமாக நிற்கும்போது, சத்தமில்லாத ஒரு அக்கூஸ்டிக் கிடார் தனியாக ஆறு நோட்டை எடுத்து வைப்பதற்கு, வாத்தியமும் கையும் மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும். ராஜாவே இசையமைக்க வருவதற்கு முன் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்துகொண்டு ஸ்டுடியோக்களில் கிடார் வாசித்தவர், சலில் சௌத்ரிக்கு வாசித்தவர், லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிகல் கிடார் தேர்வை எழுதியவர். கையில் எது உட்காரும், எது உட்காராது என்று தெரிந்தவர் எழுதிய கிடார் பிட்கள் அவை. 'பாடும் வானம்பாடி'யை இப்போது போட்டுக் கேளுங்கள், குரலை ஒதுக்கிவிட்டுக் கிடாரை மட்டும் பின்தொடருங்கள். வித்தை காட்டுகிற இடம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது, அதை எடுத்துவிட்டால் பாட்டும் நிற்காது.

எலெக்ட்ரிக்குக்கு வருகிறேன். அதற்கு அவருடைய டெஸ்ட் பிட் கார்பென்டர்ஸ் குழுவின் 'குட்பை டு லவ்', 1972. பெரம்பூர் டான்ஸ் நாட்களில் இதை வாசிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு வருமாம். கேரன் கார்பென்டரின் பட்டுக் குரலில் போய்க்கொண்டிருக்கிற மெல்லிய சோகப் பாட்டு, திடீரென்று நடுவில் டோனி பெலூசோ என்ற இளைஞனின் கிடார் கரகரவென்று ஃபஸ் போட்டுக்கொண்டு நுழையும். அந்தக் காலத்தில் இது ரசிகர்களுக்கே பொறுக்கவில்லை, கார்பென்டர்ஸ் ராக் பக்கம் போய்விட்டார்கள் என்று கோபமாகக் கடிதம் எழுதினார்கள். பிற்பாடு எத்தனையோ ராக் குழுக்கள் மெதுவான காதல் பாட்டுக்கு நடுவே கூச்சலான கிடாரை வைத்துக் காசு பார்த்தன, அந்த வழியில் முன்னால் நடந்தவர் வாங்கியது வசவு. பாட்டின் கடைசியில் கோரஸுக்கு மேலே மறுபடி ஒரு தடவை அந்தக் கிடார் வரும், எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். மாடிக்காரர் இதை வாசிப்பதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை. மெல்லிய கம்பியை மேல் ஃப்ரெட்டில் வைத்து ஒரு முழு ஸ்வரம் ஏறும் அளவுக்கு இழுத்தால், ஏதாவது ஒரு ஃப்ரெட் மயிரளவு தூக்கிக்கொண்டிருந்தாலும் சத்தம் தொண்டையில் அடைத்த மாதிரி செத்துவிடும். என் கிடாரில் 14-ல் அப்படிச் செத்தது. அங்கேயே உட்கார்ந்து தூக்கிக்கொண்டிருந்த ஒரு ஃப்ரெட்டை மட்டும் அராவி, மறுபடி அதே பிட், மறுபடி அராவல். மூன்றாம் தடவை அது பாடியது.

நான் சும்மா இல்லாமல், "ஹோட்டல் கலிஃபோர்னியா வாசிங்கண்ணே" என்றேன். எங்கள் காலேஜ் கல்ச்சுரல்ஸில் அதை வாசிக்காத பேண்ட் கிடையாது. முகத்தைச் சுளித்தார். "அது டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் வாசிச்சது. உலகத்துக்கே தெரியும். அவங்களுக்கு நாம எதுக்கு சிபாரிசு?" என்று எலெக்ட்ரிக்கைத் திருப்பி வைத்துவிட்டார். விடாமல் நானும் என் பங்குக்கு 'பேக்கர் ஸ்ட்ரீட்' சொன்னேன், ஜெரி ராஃபர்ட்டி பாடியது, 1978. உடனே சாக்ஸஃபோன் மெட்டை வாயாலேயே ஊதிக் காட்டினார். அங்கேதான் பிடித்தேன். எல்லோருக்கும் அந்த சாக்ஸ் மட்டும்தான் ஞாபகம், பாட்டின் பின்பகுதியில் ஹ்யூ பர்ன்ஸ் என்பவரின் ஒரு கிடார் சோலோ இருக்கிறது, சாக்ஸ் கிளப்பிவிட்ட வெறியை அதுதான் வாங்கித் தாங்குகிறது. போனில் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். "இத்தனை நாள் இதைக் கேக்காம விட்டுட்டனே" என்றார். ஒரு பாயின்ட் எனக்கு.

யாரும் கண்டுகொள்ளாத கிடார்க்காரர் யார் என்பதை வைத்து அரை மணி நேரம் சண்டை போட்டோம். மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' என்றால் காசு வாங்காமல் சோலோ வாசித்த வான் ஹேலனை எல்லோரும் சொல்வார்கள், பாட்டுக்கு அடியில் திரும்பத் திரும்ப ஓடுகிற அந்த முரட்டு ரிஃப்பை வாசித்த ஸ்டீவ் லுகாதரை யார் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. லுகாதருக்கு டோட்டோ குழுவே இருக்கிறது, அவர் பாவம் இல்லை என்பது மாடிக்காரர் கட்சி. ஸ்டீலி டான் குழு 1977-ல் 'பெக்' பாட்டின் சோலோவுக்குக் கிடார்க்காரர்களை ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டு, எதுவும் பிடிக்காமல் அனுப்பிவிட்டு, கடைசியில் ஜே கிரேடன் வாசித்ததை வைத்துக்கொண்ட கதையைச் சொன்னேன். அவர் அதைக் கேட்டுவிட்டு, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அன்று வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதுவரை எனக்கு அவர்கள் நினைப்பு வந்ததே இல்லை.

சரி, குறைகள். இருக்கின்றன, நிறையவே.

நாலு நாள் என்று சொல்லி 11 நாள் ஆக்கினார். இடையில் இரண்டு முறை "புதன் வாங்க" என்றார், எந்தப் புதன் என்று கேட்டிருக்க வேண்டும். போனை எடுப்பதே அபூர்வம். பில் கிடையாது, கணக்கு ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். மெட்ரோ வேலைக்காக ஆற்காடு சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததில் வண்டி நிறுத்த இடம் தேடியே ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் போனது, அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாதுதான், ஆனால் தோளில் இரண்டு கிடாரோடு அந்தப் படிக்கட்டில் ஏறிப் பாருங்கள், ஒன்றின் தலை சுவரில் இடித்தே தீரும்.

பெரிய குறை இது: என்னைக் கேட்காமல் அக்கூஸ்டிக்குக்கு 12 நம்பர் கம்பியைப் போட்டுவிட்டார். நான் எப்போதும் 10 போடுகிறவன், விரலுக்கு மெத்தென்று இருக்கும். கேட்டதற்கு, "பத்துல சத்தம் வத்தலா இருக்கும் தம்பி, மரம் அதிரணும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், சத்தம் நிறைந்துவிட்டது. ஆனால் முதல் வாரம் விரல் நுனி எரிந்ததும் உண்மை, அதைவிட, தடித்த கம்பியின் இழுவைக்குத் தகுந்தபடி கழுத்தைச் சரிசெய்துவிட்டதால் இப்போது நான் பழையபடி 10-க்குப் போனால் செட்டப் மறுபடி பார்க்க வேண்டும். வாத்தியம் என்னுடையது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்களுக்குப் பிடித்த கம்பி இருந்தால் நீங்களே வாங்கிக்கொண்டு போய், கையில் கொடுத்து, இதைத்தான் போட வேண்டும் என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

எலெக்ட்ரிக்கில் ஜி கம்பி இன்னமும் இழுத்து விட்டால் ஸ்ருதி இறங்குகிறது. பாதி குணமாகியிருக்கிறது, முழுசாக இல்லை. ட்யூனிங் முடுக்கியை மாற்றினால் சரியாகும் என்கிறார், அந்த விலைக்கு இந்த கிடார் தகுமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

காசு விவரம்: அக்கூஸ்டிக் செட்டப் 1,000, எலும்பு நட் 600, சேடில் 500, கம்பி 650. எலெக்ட்ரிக் செட்டப் 1,000, கம்பி 450. மொத்தம் 4,200 வந்தது, 4,000 வாங்கிக்கொண்டார். 2009-ல் அந்த அக்கூஸ்டிக்கை வாங்கிய விலையில் இது பாதிக்கு மேல். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் இவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்றால், நட்டும் சேடிலும் வேண்டாம், 1,000 ரூபாய் செட்டப்பை மட்டும் கட்டாயம் செய்யுங்கள் என்பேன். புதுக் கிடாருக்கும்தான். எஃப் கார்டு பிடிக்க முடியாமல் கிடாரைப் பரணில் போட்டவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், அதில் பாதிப் பேர் தோற்றது நட்டின் உயரத்திடம் என்று இப்போது தோன்றுகிறது. நானே அந்தப் பரணுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தேன்.

வீட்டில் கிடாரோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தைப் பெட்டிக்குள் போட்டு வைக்கச் சொன்னார், ஷூ வாங்கினால் வருகிறதே, அதையே சேர்த்து வைத்தால் போதுமாம். ஈரம் குடித்த பொட்டலத்தை மாதம் ஒரு தடவை மாற்ற வேண்டும். சுவரில் மாட்டாதீர்கள், அதுவும் ஏசிக்கு நேர் எதிரே வேண்டவே வேண்டாம். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பியைத் துடையுங்கள். திருவான்மியூர்க்காரன் என்பதால் இதை எனக்கு இரண்டு முறை சொன்னார்.

வந்த அன்றே ராத்திரி உட்கார்ந்து 'நெஞ்சுக்குள் பெய்திடும்' எடுத்தேன். தப்பாக வந்தது. பி கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் விரலைத் தளர்த்துகிற பழக்கம் போகவில்லை, இப்போது கிடார் சரியாக இருப்பதால் அந்த நோட்டு அமுங்கி இரைகிறது. பதினைந்து வருடத்துப் பழக்கத்தைக் கழற்ற எத்தனை மாதம் ஆகுமோ. அதுவரை மெதுவாக அந்த 'விச்சிட்டா லைன்மேன்' பிட்டை மட்டும் வாசித்துக்கொண்டிருக்கிறேன், அவர் வாசித்ததில் கால்வாசிகூட வரவில்லை, ஆனால் எங்கே தப்பு என்று இப்போது காதுக்குத் தெரிகிறது.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள், சர்ச்சில் வாசிக்கப் போய்விடுவார். பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் கதவு திறந்திருக்கும்.